கொத்தியாத்தையின் முப்பத்தொரு நாள்

கௌரி கொத்திக்கு முதலில் பல்லை வைத்தாள். பிறகு நகம். பிறகு, ஜனா ஆசைப்பட்டுக் கேட்டானே என்று, ஈரம் சொட்டும் தலைமயிரும் தோளில் ஒரு சாக்குப் பையும். பிள்ளை பெற்றவளின் காலடியில் வந்து குந்தியிருந்து, அவள் கண்ணயரும் நேரம் பார்த்துப் பிள்ளையைச் சாக்குக்குள் போட்டுக்கொண்டு போகிற பேய். யாழ்ப்பாணத்துச் சனம் எல்லாம் அரைகுறையாகக் கேள்விப்பட்ட பெயர், ஆனால் ஒருவருக்கும் உருப்படியாக ஒன்றும் தெரியாது. பேய்க்கதை எழுதுகிறவளுக்கு வேறென்ன வேண்டும்?

ஜனா தெஹிவளையில் ஒரு சின்ன அறைக்குச் சுவர் முழுக்க முட்டைத் தட்டு ஒட்டி ஒலிப்பதிவுக்கூடம் ஆக்கி வைத்திருக்கும் பெடியன். அவனுடைய கதைச் செயலியில் 'கொத்தி' வெள்ளிக்கு வெள்ளி வந்தது. டொரொன்டோவில் பனி தள்ளுகிறவர்களும் டோஹாவில் கிரேன் ஓட்டுகிறவர்களும் காதில் மாட்டிக்கொண்டு கேட்டார்கள். முப்பத்தெட்டுப் பாகம் போய்விட்டது. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

"அக்கா, கடைசி எபிசோட் சும்மா அதிரோணும். பிள்ளை தப்பக்கூடாது, சொல்லிப்போட்டன்" என்று ஜனா ஒரு நாளைக்கு இரண்டு தரம் அழைத்துச் சொன்னான். கௌரியும் ஓம் ஓம் என்றாள். பிள்ளை தப்பாது என்பது அவளுக்கு முதல் பாகம் எழுதும்போதே தெரிந்த விஷயம்.

பேய் சோறு போடாது. சோறு போட்டது கொட்டாஞ்சேனை அச்சகம். அங்கே அவள் அச்சுப்பிழை பார்த்து ஒப்புநோக்குகிறவள். கோவில்களுக்குக் கும்பாபிஷேக மலர், செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் நினைவு மலர். ஒருவர் கண்ணை மூடினால், அவருடைய படத்தோடு, பிறந்த ஊரும் பெற்ற பிள்ளைகளும் நாலு தேவாரமும் அடித்து அந்தியேட்டிக் கிரியைக்கு வந்தவர்களின் கையில் கொடுப்பது நம்மவர்களின் வழக்கம். பதினைந்து வருடத்தில் கௌரி திருத்திக் கொடுத்த இறந்தவர்களைக் கூட்டினால் ஒரு சின்ன ஊரே வரும். எழுத்தைப் பார்ப்பாளே தவிர பொருளைப் பார்க்க மாட்டாள். பார்த்தால் அந்த வேலை செய்ய முடியாது.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்குகிற ஓர் ஒழுங்கையில், தொடர்மாடியின் இரண்டாம் மாடியில் அவள் வீடு. தனி ஆள். புருசன் லண்டனுக்குப் போய்ப் பத்து வருடம், அங்கே வேறு குடும்பம் என்று கேள்வி. அவள் அதை விசாரிக்கவில்லை.

ஒரு பின்னேரம் நாலு மணிக்குக் கதவு மணி அடித்தது. நாலாம் மாடிச் சுபோதினி. பிள்ளை பெற்றுப் பதினேழு நாள்தான். லிப்ட் பழுதாகி ஒரு மாதம், இந்த உடம்போடு இரண்டு மாடி இறங்கி வந்திருக்கிறாள். மார்போடு துணிப்பொதியாகப் பிள்ளை. தாய் இல்லாதவள், மாமி கனடாவில், புருசன் டோஹாவில். காலையில் ஒரு மனுசி வந்து பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டுப் போவாள். மிச்ச நேரம் முழுக்க இவளும் பிள்ளையும் மட்டும்தான்.

"நான் நித்திரை கொண்டு ஆறு நாள் அக்கா" என்றாள் சுபோதினி. கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. "அவ வந்திட்டா."

"ஆர்?"

"நீங்கள் எழுதுற ஆள்தான்."

கௌரிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. அவளை இருத்தித் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தாள். பால் கொடுக்கும் நேரத்தில் தனிமை தாங்காமல் சுபோதினி 'கொத்தி'யை முதலில் இருந்து கேட்டிருக்கிறாள். பதினோராம் நாள் மத்தியானம் தலையை நிமிர்த்தினால் மெத்தையின் காலடியில் ஒரு மனுசி. அன்றிலிருந்து கண்ணை மூடப் பயம். பால் வற்றிப்போகிறது. மிட்வைப் மிஸ் வந்து பிள்ளையை நிறுத்துப் பார்த்துவிட்டு, நீர் நித்திரை கொள்ளும், எல்லாம் சரிவரும் என்று கொப்பியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறா.

"கதை கேட்ட பயம்தானம்மா. அந்தப் பல்லும் நகமும் நான் கதிரையிலை இருந்து யோசிச்சு எழுதினது. அப்பிடி ஒண்டும் கிடையாது."

"பல்லும் இல்லை, நகமும் இல்லை அக்கா. அதுதான் எனக்கு இன்னும் பயம். உங்கடை கதையிலை வாற மாதிரி இருந்தாலும் கதை கேட்டதாலை எண்டு நினைப்பன். இவ சும்மா ஒரு நூல் சீலையோடை, காலை ஒருபக்கம் மடிச்சுக்கொண்டு இருக்கிறா. சாக்கும் இல்லை." சுபோதினி தன் பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "மடியிலை ஏற்கனவே ஒரு பிள்ளை வைச்சிருக்கிறா."

கௌரி தேத்தண்ணீர்க் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"சின்னப் பிள்ளை. என்ரையைவிடச் சின்னன். ஒரு காலிலை மட்டும் மஞ்சள் சொக்ஸ். மற்றக் கால் வெறுங்கால்."

கௌரியின் கண் அலுமாரிப் பக்கம் போயிற்று. சுபோதினி சொல்லிக்கொண்டே போனாள். பதினோராம் பாகத்தில் சொன்னபடி, தலைக்கு மேல் இரும்பு ஆணி வைத்தாளாம். பலிக்கவில்லையாம். நாளைக்கு அதே பாகத்தில் வருகிற மாதிரித் வீடு கூட்டுகிற தும்புத்தடியால் நாலு சாத்துச் சாத்திக் கலைக்கப் போகிறாளாம். அது சரிதானா என்று கேட்கத்தான் இறங்கி வந்தாளாம்.

"அடிக்காதை" என்றாள் கௌரி. சத்தம் கூடிவிட்டது. பிள்ளை திடுக்கிட்டு அழுதது. "நாளைக்கு நான் வாறன். நான் வருமட்டும் ஒண்டும் செய்யாதை. தடியைத் தொடாதை. எனக்குச் சத்தியம் பண்ணு."

சுபோதினி போனதும் கௌரி அலுமாரியைத் திறந்தாள். கீழ்த் தட்டில், பழைய வங்கிப் புத்தகங்களுக்கு அடியில், ஒரு சின்னக் கடதாசிப் பை. அதற்குள் ஒற்றை மஞ்சள் சொக்ஸ். கணுக்காலில் ஒரு தாராக்குஞ்சு, வாத்துக்குஞ்சு, தைத்திருந்தது. பதினாறு வருடமாக இது அங்கே இருப்பதை உலகத்தில் இன்னொருவர் அறியார். புருசனுக்கே தெரியாது.

அது சோதனைச் சாவடிக் காலம். இதே வீடுதான், இதே அறைதான். பொம்பிளைப் பிள்ளை. பிறந்து எட்டாம் நாள் மத்தியானம். புருசன் பொலிஸ் பதிவுக்கு என்று போயிருந்தான். பிள்ளைக்குப் பால் கொடுத்துக் கிடத்திவிட்டுத் திரும்பினால், கட்டில் காலடியில் ஒரு மனுசி இருந்தாள். நூல் சீலை. ஒரு கையைப் பிள்ளையின் உள்ளங்காலில் வைத்துக்கொண்டு கௌரியைப் பார்த்தாள். கௌரி வாயில் வந்த தூஷணம் எல்லாம் கொட்டினாள். சமையலறைக்கு ஓடித் தும்புத்தடியை எடுத்துவந்து, போ, போ என்று காற்றில் விளாசு விளாசென்று விளாசினாள். அந்த மனுசி பொறுத்துப் பார்த்தாள். பிறகு எழும்பிப் போய்விட்டாள். வாசலில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் விடிய பிள்ளை குளிர்ந்து கிடந்தது.

மூச்சு, என்றார் டொக்டர். சில பிள்ளைகளுக்கு அப்படி வருமாம், காரணம் கிடையாதாம். கனத்தை மயானத்தில் ஒரு மூலையில் புதைத்தார்கள். பச்சைப் பிள்ளைக்கு அந்தியேட்டி இல்லை, முப்பத்தோராம் நாள் இல்லை, நினைவு மலர் இல்லை. பெயரே வைக்கவில்லையே, எதை அச்சடிப்பது? கட்டிலுக்கடியில் கூட்டும்போது ஒற்றைச் சொக்ஸ் அகப்பட்டது. அன்றிலிருந்து கௌரிக்கு ஒரே ஓர் எண்ணம்தான். வந்தவள்தான் கொண்டுபோனாள். கொத்திதான். யாரையாவது பழி சொல்லாவிட்டால் அவளால் உயிரோடு இருந்திருக்க முடியாது. அந்தக் கோபத்தில்தான் பல்லும் நகமும் முளைத்தன.

அடுத்த நாள் வேலைக்குப் போனாள். போகாமல் வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. மேசையில் ஒரு கும்பாபிஷேக மலர் வேலை காத்திருந்தது. அச்சகத்திலிருந்து நாலு ஒழுங்கை தள்ளியுள்ள சின்னதொரு அம்மன் கோவில். தர்மகர்த்தா அடைக்கப்பன் புறக்கோட்டையில் கடை வைத்திருப்பவர். வெள்ளை வேட்டி, வாசனைப் பாக்கு, எல்லாவற்றிலும் ஓர் அவசரம். ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தொன்றில் வந்த பழைய மலர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

"தல வரலாற்ற இதுல இருந்தே எடுத்துப் போட்டுருங்கம்மா. எட்டாம் பக்கத்த மட்டும் விட்டுருங்க."

"ஏன்?"

"அது ஏதோ பேயப் பத்தி எழுதியிருக்காங்க. நல்ல காரியத்துக்கு மலர் போடுறோம், அது எதுக்கு நமக்கு? வேப்ப மரத்தடியில ஒரு கல்லு கெடந்துச்சு. பிள்ளத்தாச்சிங்க வந்து ஒரு பிடி சோறு வச்சிட்டுப் போவாங்களாம். இப்ப யாரு வர்றா? அது மேல மேடை கட்டி ராஜராஜேஸ்வரிய வச்சுட்டோம். பாக்க லட்சணமா இருக்கு."

"கல்லை எடுத்தனீங்களோ?"

"எடுக்கல. கீழதான் கெடக்கு. காங்கிரீட் போட்டாச்சு."

அவர் போனதும் கௌரி பென்சிலோடு எட்டாம் பக்கத்தைத் திறந்தாள். பழக்கதோஷம். வெட்டப்போகிற பக்கத்தையும் ஒரு தரம் வாசிப்பாள். பழைய ஈய அச்சு, மங்கிய மை.

'இவ்வேம்படியில் வீற்றிருப்பாள் கொத்தியாத்தை எனப்படுவாள். பிள்ளை பெற்ற மனையில் முப்பத்தொரு நாளும் தாயின் காலடியில் இவள் காவலிருப்பாள். பத்தியச் சோற்றில் ஒரு பிடி இவளுக்குரியது. பேயென்றெண்ணித் தடியெடுத்துத் துரத்துவோர் அறியாதோர். பால்மணம் மாறாமற் போகும் பிள்ளைகள் வழியறியாரென்று அவர்களைத் தன் மடியிலிருத்திக் கொள்வாள். முப்பத்தோராம் நாள் உச்சிப்பொழுதில், பிள்ளையைக் கையேந்திய மருத்துவச்சியோ, அவள் இல்லாவிடத்து ஒரு பிள்ளையைப் பெற்றிழந்தவளோ, பத்தியம் கொண்டு முன்னே நடந்து, திரும்பிப் பாராது, ஒழுங்கை முடியுமிடத்தில் வைத்து விடைகொடுத்தல் வேண்டும். நாள் குறைய எழுப்பப்பட்டாளாயின் எவ்வாண்டாயினும் வந்து குறைநாளை இருந்து முடிப்பாள்.'

முதல் தரம் எழுத்தைத்தான் வாசித்தாள். ஓர் எழுத்துக்குக் கால் விடுபட்டிருந்ததைப் பென்சிலால் குறித்தாள். பிறகுதான் பொருள் வந்தது.

காவலிருப்பாள்.

கௌரி எழும்பி அச்சகத்தின் கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, வாயில் சீலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதாள். வெளியே அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று. வீட்டுக்கு வந்த காவலை நானே தடியெடுத்துத் துரத்தினேன். துரத்திய மறுநாள் பிள்ளை போயிற்று. போன பிள்ளையையும் அவள்தான் மடியில் தூக்கி வைத்திருக்கிறாள், பதினாறு வருடமாக, ஒற்றைச் சொக்ஸோடு. நான் என்ன செய்தேன்? அவளுக்குப் பல் வைத்தேன். முப்பத்தெட்டுப் பாகத்துக்கு அவளை நாறடித்தேன். அடைக்கப்பன் காங்கிரீட் போட்டதைப் பற்றிச் சொல்ல எனக்கு வாயில்லை.

எட்டாம் பக்கத்தைப் புத்தகத்திலிருந்து கவனமாகக் கிழித்தெடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். அவருக்குத்தான் அது தேவையில்லையே.

அன்று பின்னேரம் நாலாம் மாடி ஏறிப்போய்ச் சுபோதினிக்கு எல்லாவற்றையும் சொன்னாள். பக்கத்தை வாசித்துக் காட்டினாள். சொக்ஸைப் பற்றியும் சொன்னாள். சொல்லி முடியச் சுபோதினி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு இரண்டு பேரும் வைத்தியரிடமும் போனார்கள். அவர் நல்ல மனுசன், நித்திரை இல்லாவிட்டால் மூளை இப்படித்தான் விளையாடும் என்று விளங்கப்படுத்தி, ஆளைத் தனியே விடவேண்டாம் என்றார். அதனால் கௌரி அரை நாள் வேலை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மத்தியானங்களில் மேலே போய் இருந்தாள்.

வெள்ளவத்தைச் சந்தையில் மீன் விற்கும் இப்ஹாமிடம் பால்சுறா வாங்கினாள்.

"ஊட்ல புள்ள கெடச்சீக்கா அக்கா?" என்று அவன் கேட்டான்.

"எனக்கில்லை. மேல் மாடிப் பிள்ளைக்குப் பத்தியம்."

"எத்தின நாளைக்கி?"

"எங்கடை ஆக்களுக்கு முப்பத்தொண்டு."

"எங்களுக்கு நாப்பது. அப்ப எங்கட ஆக்கள்தான் கூட மீன் தின்ற" என்று சிரித்துக்கொண்டு வெட்டிக் கொடுத்தான்.

மிளகும் உள்ளிப்பூண்டும் போட்டுப் பத்தியக்கறி வைத்து, முதல் பிடியை ஒரு துண்டு வாழையிலையில் மெத்தையின் காலடியில் வைத்தார்கள். அன்று சுபோதினி நாலு மணித்தியாலம் அடித்துப்போட்ட மாதிரி நித்திரை கொண்டாள். கௌரி பக்கத்தில் இருந்து, வெறுமையாகக் கிடந்த காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு தரம் பார்த்தவளுக்கு இனிமேல் காட்ட மாட்டாள் போலும். மூன்றாம் நாள் பால் நன்றாகச் சுரந்தது. பிள்ளைக்கு நிறை கூடியிருக்கிறது என்று மிட்வைப் மிஸ் சந்தோசப்பட்டா.

இதற்குள் கௌரி கடைசிப் பாகத்தை எழுதி அனுப்பியிருந்தாள். அதில் கொத்திக்குப் பல் இல்லை. ஜனா உடனே அழைத்தான்.

"என்னக்கா இது? பேய் காவல் இருந்தா ஆர் கேப்பினம்? ஆக்களுக்குப் பயம்தானே வேணும்?"

"அவ பேய் இல்லை ஜனா. நான் பிழையா எழுதிப்போட்டன்."

"உங்கடை பேயைப் பற்றி நீங்களே பிழையா எழுதேலுமே?" என்று கேட்டுவிட்டு அவன் வேறு யாரையோ பிடித்துக் கடைசிப் பாகத்தை எழுதுவித்தான். அதில் கொத்தி பிள்ளையைச் சாக்கில் போட்டுக்கொண்டு போயிற்று. முப்பத்தொன்பது பாகங்களிலும் ஆகக்கூடிய ஆட்கள் கேட்டது அதைத்தானாம். தான் வைத்த பல்லைத் தன்னால் பிடுங்க முடியாது என்று கௌரிக்கு விளங்கியது. இனி அந்தக் கொத்தி உலகமெல்லாம் காதுக்குக் காது போய்க்கொண்டிருப்பாள். எங்கோ ஒரு தனியறையில் இன்னொருத்தி தும்புத்தடியைத் தூக்குவாள். அதற்குக் கௌரி செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

ஒளிக்காமல் சொன்னால், அவளுடைய மனம் முழுக்க நாலாம் மாடியில்தான் கிடந்தது. ஒவ்வொரு மத்தியானமும் படியேறி மூச்சு வாங்க முன்னரே ஆத்தையின் மடிப்பிள்ளையைப் பற்றிக் கேட்பாள்:

"இண்டைக்கு என்ன செய்யுது?"

சுபோதினி காலடியைப் பார்த்துச் சொல்லுவாள். இப்போது அவளுக்குப் பயம் இல்லை, பக்கத்து வீட்டுச் செய்தி சொல்கிற மாதிரிச் சொல்லுவாள். "நித்திரை அக்கா." இன்னொரு நாள், "கையைச் சப்புது." இன்னொரு நாள், "உங்களைப் பாக்குது. நீங்கள் கதைச்சா அந்தப் பக்கம் திரும்புது." அன்று கௌரி இல்லாத ஊர்ப் புதினம் எல்லாம் கதைத்துத் தள்ளினாள். மரக்கறி விலை கதைத்தாள், அச்சகத்து முதலாளியின் குறட்டை கதைத்தாள். தொண்டை கட்டும்வரை கதைத்தாள். இருபத்தெட்டாம் நாள், "சிரிச்சது அக்கா" என்றாள் சுபோதினி. கௌரிக்கு அந்த ஒரு சொல்லோடு செத்துப்போகலாம் என்றிருந்தது.

முப்பத்தோராம் நாள் வரவேண்டாம் என்று அவள் வேண்டாத தெய்வம் இல்லை. நாள் யாருக்காக நிற்கும்? காலையில் ஐயர் வந்து துடக்குக் கழிக்கும் புண்ணியதானம் செய்து, எல்லா அறைக்கும் தண்ணீர் தெளித்து, தட்சணை வாங்கிக்கொண்டு போனார். காலடியிலும் தெளித்தார். அங்கே ஆள் இருப்பது அவருக்குத் தெரியாது. டோஹாவிலிருந்து தகப்பன் தொலைபேசித் திரையில் நின்று பிள்ளைக்குப் பெயர் சொன்னான்.

எல்லாம் முடிந்தபின் சுபோதினி மெல்லக் கேட்டாள்.

"இன்னும் இருக்கிறா அக்கா. ஐயர் தண்ணி தெளிச்சும் போகேல்லை. நாங்கள்தான் அனுப்போணும், என்ன?"

"இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமே" என்றாள் கௌரி. அவளுக்கே தன் குரல் பிச்சை கேட்கிற குரலாகப் பட்டது.

"அக்கா." சுபோதினியின் கண்ணும் கலங்கிவிட்டது. "எனக்கு உங்கடை மனம் விளங்குது. ஆனா எங்கேயோ இன்னொருத்திக்கு இண்டைக்குப் பிள்ளை பிறந்திருக்கும். அவளின்ரை காலடி வெறுமையா எல்லோ இருக்கும்?"

கௌரிக்குத் தன்னுடைய எட்டாம் நாள் ஞாபகம் வந்தது. எழும்பிச் சமையலறைக்குப் போனாள். வாழையிலையில் பத்தியச் சோற்றையும் கறியையும் கட்டி எடுத்தாள். பிள்ளையைக் கையேந்திய தாதி யார் என்று தெரியாது. ஆஸ்பத்திரியில் ஷிப்ட் மாறிப் போயிருப்பாள். மற்ற ஆள் நான்தான், பெற்றிழந்தவள்.

"ஆத்தை, வா போவம்" என்றாள்.

பன்னிரண்டு மணி. படிக்கட்டில் ஒருவரும் இல்லை. நாலாம் மாடியிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு. பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தாள். கேட்கவில்லை. தன் வீட்டு வாசலில் நின்றுவிட்டாள். கதவுத் திறப்பு இடுப்பில் செருகித்தான் இருந்தது. கதவைத் திறந்து, உள்ளே வா என்று ஒரு சொல் சொன்னால் போதும். பின்னால் வருகிறவள் கூப்பிட்ட இடத்துக்கு வருவாள். யார் கேட்கப் போகிறார்கள்? கௌரியின் கை திறப்பைத் தொட்டது. பிறகு ஒரு முடிவோடு கதவைத் திறந்து, திரும்பிப் பாராமல் அலுமாரிக்குப் போய், கடதாசிப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவை இழுத்துப் பூட்டினாள்.

ஒழுங்கையால் இறங்கி, கடற்கரை வீதியைக் கடந்து, தண்டவாளத்தைத் தாண்டிக் கல்லுகள் கிடக்கும் இடத்துக்குப் போனாள். தண்ணீர் வந்து அடித்துக்கொண்டிருந்தது. இலையை ஒரு கல்லின் மேல் விரித்தாள். சோற்றுக்குப் பக்கத்தில் சொக்ஸை வைத்தாள். காற்றுக்குப் பறக்காமல் ஒரு சின்னக் கல்லை அதன் மேல் வைத்தாள்.

"அண்டைக்கு அடிச்சனான். எனக்குத் தெரியாது ஆத்தை. மன்னிச்சுக்கொள். உன்னைப் பற்றிக் கண்டபடி எழுதினதுக்கும் மன்னிச்சுக்கொள்." சொக்ஸின் மேல் இருந்த கல்லைச் சரிசெய்தாள். "அடுத்த வீட்டுக்குப் போ. பிள்ளையைக் கவனமாக் கொண்டுபோ. மற்றக் காலும் குளிரும், இதைப் போட்டுவிடு."

பின்னால் ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போயிற்று. அவள் திரும்பவில்லை. கல்லோரமாக நடந்து அடுத்த ஒழுங்கையால் ஏறி, வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தாள். பதினாறு வருடத்துக்குப் பிறகு பிள்ளையை இன்னொரு தரம் புதைத்துவிட்டு வந்தவளுக்கு என்ன ஆறுதல் இருக்க முடியும்? சுபோதினியிடமிருந்து செய்தி வந்தது. 'போயிட்டா அக்கா. காலடி வெறுமை.' கௌரி அதைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் பின்னேரம் நாலு மணிக்குக் கதவு மணி அடித்தது. சுபோதினி. ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் சின்னச் சட்டியில் பொங்கின புக்கை. சிரித்துக்கொண்டு உள்ளே கால் வைக்க வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுடைய பார்வை கௌரியைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, திறந்து கிடந்த அறைக் கதவுக்குள் போயிற்று.

"என்னம்மா?"

"நீங்கள் அனுப்பினனீங்கள்தானே அக்கா?"

"அனுப்பினனான். கடலடியிலை வைச்சு. திரும்பிப் பாக்கேல்லை. ஏன்?"

"இஞ்சை இருக்கிறா." சுபோதினி குரலைத் தாழ்த்தினாள். "உங்கடை கட்டில் காலடியிலை."

கௌரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கேட்கப் பயமாயிருந்தது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"பிள்ளை?"

"மடியிலைதான்." சுபோதினி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். பிறகு அழத் தொடங்கினாள். "ரெண்டு காலிலையும் சொக்ஸ் அக்கா."

எட்டாம் பக்கம் கைப்பைக்குள் இன்னும் இருந்தது. கௌரி அதை எடுத்து விரித்தாள். பென்சில் குறி இட்ட இடத்துக்கும் கீழே, அவள் எழுத்தாக மட்டும் வாசித்துவிட்டுப் போன கடைசி வரி. 'நாள் குறைய எழுப்பப்பட்டாளாயின் எவ்வாண்டாயினும் வந்து குறைநாளை இருந்து முடிப்பாள்.' தான் அவளைத் துரத்தியது எட்டாம் நாள். முப்பத்தொன்றில் எட்டுப் போனால் இருபத்துமூன்று. விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள், இன்னொரு தரமும் எண்ணிப் பார்த்தாள்.

அறைக்குள் போகவில்லை. வாசலில் நின்று, வெறும் கட்டிலைப் பார்த்து, "ஆத்தை, கொஞ்சம் இரு, வந்திடுறன்" என்றாள். சுபோதினியை இருக்கச் சொல்லிவிட்டுச் சந்தைக்கு ஓடினாள். இப்ஹாம் கடையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"பால்சுறா இருக்கோ?"

"கொஞ்சம் ஈக்கி. அந்தப் புள்ளக்கித்தான் முப்பத்தொண்டு முடிஞ்சே அக்கா. இப்ப யாருக்கு?"

"எனக்கு" என்றாள் கௌரி. "பொம்பிளைப் பிள்ளை. எட்டு நாள் முடிஞ்சுது."